வேலூரா, ஆம்பூரா? ஒரு வாசகரின் கேள்வியும் ஒரு பேருந்துப் பயணமும்

போளூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்றரை ஏக்கர் நிலம். கிணறு வற்றி மூன்று வருடம் ஆகிறது. மனைவிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை கிடைத்திருக்கிறது. அவருக்கு வேலூரில் காவலாளி வேலை. மகளுக்கு இரண்டரை வயது. ‘நிலத்தை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறோம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எந்த ஊரில் குடியிருப்பது நல்லது?’ என்று கேட்கிறார்.

பூச்சி, உரம் என்று கேட்டிருந்தால் நாலு வரியில் பதில் எழுதியிருப்பேன். இதற்கு முடியவில்லை. இதே கேள்வியில் நானே ஒருமுறை தவறு செய்தவன்.

2001-இல் எனக்கு அந்தப் பக்கம் மாற்றல். மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு தெருவில் வாடகை குறைவாகக் கிடைத்தது என்று குடிபோனோம். ‘சார், இருபத்துநாலு மணி நேரமும் போர் தண்ணி’ என்றார் வீட்டுக்காரர். முதல் வாரமே என் மனைவி சொன்னாள், பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தை டம்ளர் தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பும். அடம் பிடிக்கிறாள் என்று அதட்டினேன். மூன்றாவது மாதம் விவசாயிகளின் மாதிரிகளோடு எங்கள் வீட்டுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மின்கடத்தும் திறன் 4-ஐத் தாண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை ஒரு விவசாயி கொண்டுவந்திருந்தால், பயறுக்குப் பாய்ச்சாதீர்கள், முளைக்காது என்று சொல்லியிருப்பேன். என் பெண்ணுக்கு மூன்று மாதம் ஊற்றியிருக்கிறேன். அடுத்த வாரமே வீட்டை மாற்றினோம்.

இந்தக் கடிதம் வந்தபிறகு, போன செவ்வாய்க்கிழமை வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் பேருந்தில் போய் வந்தேன். சுமார் 50 கிலோமீட்டர். பொய்கையில் மாட்டுச் சந்தை கூடியிருந்ததால் கறவை மாடு ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே பேருந்து ஊர்ந்தது. பள்ளிகொண்டா, மாதனூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் தென்னை. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன், தொழில் புத்தி போகாது. சில தோப்புகளில் மட்டை பச்சையாக நிற்கிறது. சிலவற்றில் ஓலை நுனி கருகி, பாத்தி ஓரம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புதான்.

உப்பு எப்படி வந்தது என்பது பாலாற்றுக்காரர்களுக்குத் தெரியும், போளூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஆலைக்கு வரும். முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் போகும். பிறகு சுண்ணாம்பு, அதன்பின் குரோமியம். பல வருடம் இவை ஏரிக்கும் ஓடைக்கும் ஆற்றுக்கும் போயின. இந்தத் தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர், அதாவது 86,000 ஏக்கருக்கு மேல், விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. அதைக் குறிப்பிட்டுத்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கைக் கொண்டுபோனது வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம். 2025 ஜனவரியில் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் நிலத்தடியில் இறங்கிய உப்பு தீர்ப்பைப் படித்துவிட்டு ஏறி வருவதில்லை.

ஆம்பூர் என்றாலே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஷூ தைக்கும் கம்பெனி வேறு, பச்சைத்தோல் பதனிடும் ஆலை வேறு. கம்பெனியில் வெட்டுவது, தைப்பது, ஒட்டுவதுதான் வேலை. மாலையில் ஆம்பூரில் இறங்கியபோது ஷிப்ட் விட்டு, சாப்பாட்டுப் பையோடு பெண்கள் சாரிசாரியாகப் பேருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். மழை பொய்த்த வருடங்களில் சுற்றுக் கிராமங்களில் அடுப்பு எரிந்தது இவர்கள் சம்பளத்தில்தான். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வேலூர் பெரிய ஊர். 1900-இல் தொடங்கிய சி.எம்.சி. இருக்கிறது, பள்ளிகள் அதிகம். வாடகையும் அதிகம், சித்திரை வைகாசியில் வெயில் குழந்தையைப் படுத்தி எடுக்கும். ஆம்பூர் தண்ணீர் கெட்டது, வேலூர் தண்ணீர் நல்லது என்றும் கோடு போட முடியாது. பாலாறு ஆம்பூரைத் தாண்டித்தான் வேலூருக்கு வருகிறது.

தம்பி, என் யோசனை இது. ஆம்பூரிலேயே குடியிருங்கள். குழந்தை தாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும், தினமும் பயணம் செய்பவர் நீங்களாக இருங்கள். ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயில் இருக்கிறது. இரவுப் பணி என்றால் சிரமம்தான், ஆனால் இரண்டரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அம்மா 50 கிலோமீட்டர் போய்வருவது அதைவிடச் சிரமம். வேலையில் சேரும் முன் உங்கள் மனைவி கம்பெனியில் ஒன்று கேட்க வேண்டும்: குழந்தைக் காப்பகம் இருக்கிறதா? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். போர்டு மட்டும் மாட்டியிருக்கிறார்களா, உள்ளே ஆயாவும் தொட்டிலும் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்கட்டும். காப்பகம் இல்லை, அங்கன்வாடியும் தூரம் என்றால், என் யோசனையை மாற்றிக்கொள்வேன். அப்போது உங்கள் மாமியாரோ அம்மாவோ யார் கூட வந்து இருக்க முடியுமோ, அவருக்கு வசதியான ஊரில் வீடு பாருங்கள்.

வீட்டு விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஆற்றோரமும் ஆலையோரமும் வாடகை குறைவாக இருந்தால் காரணம் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் முன்பணம் கொடுக்கும் முன் பரிசோதியுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசி, நிரம்பப் பிடித்து மூடி, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் வேளாண் கூடத்தில் பார்ப்பது பயிருக்கான கணக்கு, குடிக்க அது போதாது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறார்கள். குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு வரம்பு 0.05 மில்லிகிராம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கரிக்கும்.

2019-இல் மாவட்டம் பிரிந்தபின் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ரேஷன் அட்டை மாற்றத்துக்கு வேலூர் கலெக்டர் ஆபீஸுக்கு அலையாதீர்கள்.

நிலத்தை அண்ணனிடம் வாய்ப்பேச்சாக விடாமல், எத்தனை வருடம், என்ன பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். அடுத்த இதழுக்குள் பார்த்துச் சொல்கிறேன்.