அய்யலூர்ச் சந்தையும் அன்றாடச் செய்தியும்

உலக விவகாரங்களைப் பற்றி அபிப்பிராயம் கூறும் உரிமை கற்றவர்க்கே உரியது என்னும் எண்ணம் கல்லூரி மாணவராகிய நம்மிடையே எவ்வாறோ வேரூன்றிவிடுகின்றது. வாசகசாலையில் நான்கு பத்திரிகைகளைப் புரட்டிய மாத்திரத்தில், உணவுக்கூடத்தில் அமர்ந்து உலகைத் திருத்தத் தொடங்கிவிடுகின்றோம். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவராகவே இருந்தோம். எம்முடைய அச்செருக்கு எவ்வாறு அடங்கிற்று என்பதையும், அதனால் ஏழை மூதாட்டி ஒருவர் அடைந்த நஷ்டம் எவ்வளவு என்பதையும் கல்லூரி அன்பர்களுக்கு மறையாது உரைக்கவே இக்கட்டுரையை எழுதலானோம்.

எமதூர் அய்யலூர். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடமதுரையைக் கடந்ததும் வருவது. வெளியூர்ப் பத்திரிகைகளில் இவ்வூரின் பெயர் பெரும்பாலும் இரண்டு காரணங்களாலேயே இடம்பெறும். ஒன்று, அடுத்துள்ள மலைக்காடுகளில் வாழும் தேவாங்கு. 2022-ஆம் ஆண்டில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைச் சார்ந்த 11,806 எக்டேர் காட்டை அரசாங்கத்தார் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் என அறிவித்தபோது எமதூரும் சிலநாள் பேசப்பட்டது. மற்றொன்று, வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தை. அன்று வைகறையிலேயே வண்டிகள் வந்து நெருங்கும். வெள்ளாடும் செம்மறியும் நாட்டுக் கோழியும் கட்டுச் சேவலும் மலிந்து கிடக்கும். மதுரை, தேனி, கரூர், திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களிலிருந்து வியாபாரிகள் வருவர். வெயில் ஏறுமுன் வியாபாரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

எம் பெரியப்பா இச்சந்தையில் முப்பது ஆண்டுகளாக ஆடு வாங்கி விற்பவர். ஐந்தாம் வகுப்புக்கு அப்பால் பள்ளிக்கூடத்தைக் கண்டவரல்லர். ஆயினும் பத்திரிகை படியாமல் அவருக்குப் பொழுது விடியாது. 1942-ஆம் ஆண்டில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தந்தி’யை எழுத்துக்கூட்டிப் படித்தே எம் பாட்டனார் எழுத்தறிந்தனர். அவ்வழக்கம் மகனுக்கும் வந்தது. இப்பொழுது பத்திரிகையோடு கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. சந்தையில் ஆடு விலைபோகக் காத்திருக்கும் வேளையில் அவர் செய்தியும் பார்ப்பர், கிரிக்கெட்டும் பார்ப்பர், ஆடு வளர்ப்பைப் பற்றி யூடியூபில் பேசுவோரையும் பார்ப்பர். எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

விடுமுறைக் காலங்களில் அவருடன் சந்தைக்குச் சென்றுவருதல் எம் வழக்கம். அங்கே சில பழைய வியாபாரிகள் இன்றும் வாயால் விலை கூறுவதில்லை. இருவர் கைகோத்து அவற்றின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வர். விரல்களைப் பிடிக்கும் முறையிலேயே ஆயிரமும் நூறும் தெரிவிக்கப்படும். ஒருவர் தலையசைப்பார், மற்றவர் முகஞ்சுளிப்பார், அருகில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இதனை எமக்குக் காட்டிய பெரியப்பா, தீபாவளிச் சந்தைக்கு மறுநாள் வந்த பத்திரிகையையும் ஒருமுறை காட்டினர். அய்யலூர்ச் சந்தையில் இத்தனை கோடி ரூபாய்க்கு ஆடுகள் விற்றன என்று அதில் கண்டிருந்தது.

“தம்பி, நான் என்ன விலைக்கு விற்றேன் என்பது வாங்கினவருக்கும் எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். துண்டுக்குள்ளே நடந்த பேரம், ரசீதும் கிடையாது. இந்தக் கோடியை எண்ணினது யார்?”

யாம் விடையறியாது விழித்தோம். “பொய் எழுதிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரோ மதிப்பாய்ச் சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பார்கள். மதிப்பு என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்” என்றனர்.

பத்திரிகைகளின்மீது அவருக்குப் பகையில்லை. எமதூரில் தக்காளிச் சந்தையும் உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது பத்திரிகைகளின் முதற்பக்கம் முழுதும் அதுவே. சென்னையில் அரசாங்கத்தார் நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் குடியானவர் சாலையோரத்தில் தக்காளியைக் கொட்டும் நாட்களிலோ அச்செய்தி உட்பக்கத்து மூலையில் ஒதுங்குகின்றது. இது அநியாயமன்றோ என்று யாம் கொதித்தோம். அவர் கொதிக்கவில்லை. “பத்திரிகை விழுவது வாங்குகிறவன் வீட்டு வாசலில். சரக்கு எங்கே விலைபோகுமோ அங்கேதானே வண்டியை நிறுத்துவார்கள்? இதில் கோபிக்க என்ன இருக்கிறது? வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு படி, அவ்வளவுதான்” என்றனர்.

விளம்பரங்களைப் பற்றி அவர் கூறியது இதனினும் நயமானது. சந்தைக்கு முன்னாளிரவு ஆட்டுக்கு உப்பிட்ட தீனி கொடுத்து, விடியற்காலையில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவோர் சிலர் உண்டாம். ஆடு கொழுத்ததுபோல் தோன்றும். வாங்கியவர் வீடு சேர்வதற்குள் வயிறு வற்றிவிடும். யூடியூபில் ஆடு வளர்த்து இலட்சாதிபதியாகலாம் என்று கூவுவோரைப் பார்க்கும்போதெல்லாம், “இது உப்புத் தண்ணீர் குடித்த ஆடு” என்று சிரிப்பர். 2012-ஆம் ஆண்டில் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழிப் பண்ணைத் திட்டங்கள் முறிந்த கதையை அவர் அடிக்கடி எடுத்துரைப்பர். நடிகர்கள் தோன்றிய விளம்பரங்களைக் கண்டு பல்லோர் பணம் கட்டி ஏமாந்தனர். பறவைகள் தீனியின்றி வாடின. “பறவையை வளர்க்கச் சொன்னார்கள், வாங்கித் தின்கிறவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சந்தை இல்லாத சரக்கு அது” என்பது அவர் தீர்ப்பு.

1928-ஆம் ஆண்டில் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை ஏற்று அதனைப் பெரும்பத்திரிகையாக வளர்த்த எஸ். எஸ். வாசன், அதற்குமுன் விளம்பரத் தொழில் செய்தவர் என்று யாம் படித்ததைக் கூறினோம். பெரியப்பா வியப்படையவில்லை. “விற்கத் தெரிந்தவனுக்கு வாங்குகிறவன் மனசு தெரியும். விளம்பரம் குற்றமில்லை, தம்பி. ஆட்டுக்கு மணி கட்டலாம், கொம்புக்கு வர்ணம் பூசலாம், வயசை மட்டும் மறைக்கக்கூடாது” என்றனர்.

ஆட்டின் வயது அதன் வாயில் உள்ளது. பாற்பல் மட்டும் இருப்பின் குட்டி. ஏறத்தாழ ஓராண்டு கடந்தபின் இரண்டு நிலைப்பற்கள் தோன்றும். பின்னர் நான்கு, ஆறு, எட்டென ஆண்டுக்காண்டு பெருகும். ஆதலின் சந்தையில் எவரும் சொந்தக்காரர் சொல்லைக் கேட்டு வயதை நம்புவதில்லை. உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பர். செய்திக்கும் இவ்விதியையே பெரியப்பா விதித்திருந்தனர். நம்பத்தகாத செய்தி கேட்டால், “பல் பார்த்தாயா?” என்பர்.

விளையாட்டுச் செய்திகளையும் அவர் சந்தைக் கண்கொண்டே நோக்கினர். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சவுதி அரேபியாவின் ஜெத்தா நகரில் ஐ.பி.எல். ஆட்டக்காரர்களின் ஏலம் நடந்தது. ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். எம் வயதினர் பிரமித்தோம். “27 கோடி கொடுத்தவர் என்பதற்காக எதிரி பந்தை மெதுவாகப் போடுவானா?” என்று அவர் வினவினர். ஆஸ்திரேலியராகிய டேவிட் வார்னரை எவரும் கேளாததைக் கண்டு மட்டும் அவர் முகம் வாடிற்று. “எங்கள் சந்தையில் விலைபோகாத ஆட்டைச் சொந்தக்காரர் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போவார். இங்கே மனுஷனை உலகமெல்லாம் பார்க்க வைத்தல்லவா திருப்பி அனுப்புகிறார்கள்!” என்றனர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன்மீது அவருக்குத் தனிப் பற்று. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் வலைப்பயிற்சிக்குப் பந்து வீசுபவராகச் சென்று, மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடித் திரும்பியவர் அவர். அவருடைய தாயார் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர் என்பதே பெரியப்பாவின் பற்றுக்குக் காரணம் என்று எண்ணுகின்றோம்.

“ஆட்டக்காரர் மார்பில் எழுதியிருக்கிற பெயரைப் பார்; படியளக்கிறவர் யார் என்பது தெரியும்” என்றும் அவர் கூறுவதுண்டு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சில நாட்களில், இந்திய அணியின் சட்டையிலிருந்து அத்தகைய நிறுவனமொன்றின் பெயர் நீங்கிற்று. அன்று பெரியப்பா எம்மை நோக்கிப் புன்முறுவல் செய்ததன்றி வேறொன்றும் பேசவில்லை.

இத்துணையும் கேட்டு மகிழ்ந்த யாம் கற்றது ஒன்றுமில்லை என்பதைத் தீபாவளி விடுமுறை ஒன்று மெய்ப்பித்தது. பண்டிகைக்கு முந்திய புதன்கிழமையன்று பேருந்தில் ஊர் திரும்புகையில் எம் கைப்பேசிக்கு வாட்சப்பில் குரற்செய்தி ஒன்று வந்தது. ஆடுகளுக்கு நோய் பரவுவதால் மறுநாள் அய்யலூரில் சந்தை கூடாது என்று எவரோ பேசியிருந்தார். 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்காகச் சந்தைகள் அடைக்கப்பட்டது எம் நினைவில் இருந்தமையால் ஐயம் தோன்றவில்லை. செய்தியை அப்படியே அனுப்பியிருந்தாலும் குற்றம் குறைந்திருக்கும். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாமோ, அக்கொச்சைப் பேச்சைப் பிழையற்ற தமிழில் ஐந்து வரிகளாக எழுதி, ‘அறிவிப்பு’ என்று தலைப்பும் இட்டு, ஊரார் குழுக்கள் மூன்றுக்கு அனுப்பினோம். எம் நடையழகை யாமே இருமுறை படித்து வியந்தோம்.

எம் தெருக்கோடியில் கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் வாழ்கின்றார். பேத்தியின் படிப்புச் செலவிற்காகக் கிடாய் இரண்டைத் தீபாவளிச் சந்தைக்கென்று வளர்த்து வந்தார். எம் அறிவிப்பைப் பேத்தி படித்துக் காட்டினாள். அன்று மாலையே வாசலில் வந்து கேட்ட ஒருவருக்கு இரண்டையும் 14,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். வியாழனன்று சந்தை வழக்கம்போல் கூடிற்று.

ஊரூராய் ஆடு பிடிக்கச் சென்றிருந்த பெரியப்பா இரவில்தான் விவரம் அறிந்தனர். எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. விடியலில் எழுப்பிச் சந்தைக்கு அழைத்துச் சென்று, அக்கிடாய்களை ஒத்த இரண்டு 19,000 ரூபாய்க்கு விலைபோனதைக் காட்டினர்.

“அந்தக் குரல் யாருடையது, தம்பி?”

“தெரியாது, பெரியப்பா.”

“சந்தை நின்றால் யாருக்கு இலாபம்?”

“வாசலில் வந்து வாங்குகிறவர்களுக்கு.”

“நேரில் விசாரிக்க வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?”

“அரை மைல்.”

“பல்லைப் பார்க்காமல் ஆட்டை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டாய். அதுவும் உப்புத் தண்ணீர் குடித்த ஆடு. தண்ணீர் காட்டினது உன் தமிழ்.”

அச்சொல் எம்மைச் சுட்டது. எப்பொருளை எவர் கூறக் கேட்பினும் அதன் மெய்ம்மையைத் தேர்ந்தறிவதே அறிவு என்னும் கருத்துடைய 423-ஆம் குறளுக்கு உரை எழுதிப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் பெற்றவர் யாம். பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையைச் சிறுவயது முதல் ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தவரும் யாமே. நியாயஸ்தலத்திற் கூண்டேறிச் சொல்வது மட்டுமே பொய்ச்சாட்சி என்று அதுகாறும் எண்ணியிருந்தோம்.

முன்னைய அறிவிப்புத் தவறானது என்று அன்றே மூன்று குழுக்களுக்கும் எழுதினோம். முதலாவதற்கு நன்றி கூறிப் பதிலளித்தோர் பலர். இரண்டாவதைப் படித்ததாகக் காட்டிக்கொண்டோர் நால்வரே.

“சந்தையில் சொல் தவறினவன் பணம் கொடுப்பான்” என்றனர் பெரியப்பா. நஷ்டம் 5,000 ரூபாய். விடுதிக்கு அருகிலுள்ள வீடுகளில் சிறுவர்க்கு மாலையில் தமிழ் கற்பித்து, மாதம் 500 ரூபாயாகக் கொடுத்து வருகின்றோம். முதன்முறை கொண்டுசென்றபோது அம்மூதாட்டி மறுப்பாரென்றும், மன்னித்து வாழ்த்துவாரென்றும் எதிர்பார்த்தோம். அவர் நோட்டை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, “அடுத்த மாசமும் மறக்காமல் கொண்டுவா, ராசா, பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டவேணும்” என்றார். அதுவே நியாயமென்று இப்பொழுது உணர்கின்றோம்.

அன்பர்களே, மொழியைச் செப்பமாக எழுதும் பயிற்சியை இக்கல்லூரி நமக்கு அளிக்கின்றது. செப்பமான மொழியை உலகம் எளிதில் நம்பிவிடுகின்றது. ஆகவே எழுதத் தெரியாதவரினும் எழுதத் தெரிந்தவர்க்கே விசாரிக்கும் கடமை மிகுதி. குரல் யாருடையது, இலாபம் யாருக்கு, நேரில் அறியும் தூரம் எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு ஒரு நாழிகையும் வேண்டுவதில்லை.

சென்ற மாதம் ஊருக்குச் சென்றபோது அம்மூதாட்டிக்குப் பத்திரிகை படித்துக் காட்டினோம். இரண்டு செய்தி கேட்டபின் அவர் எம்மை நிறுத்தி, “இது அவர்கள் எழுதினதா, நீ எழுதினதா, ராசா?” என்று வினவினார். அச்சிட்டபடியே படிக்கின்றோம் என்று உறுதி கூறியபின்னரே மேலே கேட்கலானார். அவருக்கு யாம் கொடுக்க வேண்டிய நிலுவை இன்னும் 1,500 ரூபாய்.