சித்தூரில் எக்செல், திருப்பதியில் நோட்டு

சித்தூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது அந்த அறக்கட்டளை. அதன் திருப்பதிக் கிளை, ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, கேட்கும் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புகிறது. அறக்கட்டளையின் பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சித்தூர் விவரமெல்லாம் எக்செல் ஷீட்டில். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருப்பதியில் நீள நோட்டில். இரண்டையும் ஒன்றாக்க, சிவிசிஆர்எம் என்ற திறமூல மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன்.

தொண்டு நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்டு 2005-இல் வெளியான மென்பொருள் இது. லைசென்ஸ் கட்டணம் கிடையாது. மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா தளங்களுக்குள் உட்கார்ந்து வேலை செய்யும். இப்போது தனியாகவும் ஓடும். இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டொனால்ட் லோபோ. யாகூவின் ஆரம்பகாலப் பொறியாளர்களில் ஒருவரான அவர், பின்னாளில் இந்தியத் தொண்டு நிறுவனங்களுக்காக வாட்ஸ்அப்பில் இயங்கும் கிளிஃபிக் என்ற திறமூல மென்பொருளையும் கொண்டுவந்தார்.

சித்தூர் ஆபீஸில் கணக்கும் பதிவும் பார்க்கும் அம்மா திரையைத் திறந்து காட்டினார். யாரைச் சேர்த்தாலும் முதலில் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தனிநபர், குடும்பம், நிறுவனம். பிறகு ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன உறவு என்று குறிக்கலாம். ஒரு பையனின் பக்கத்தைத் திறந்தால் அவன் அம்மா, அவர் வேலை பார்க்கும் மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை, அந்தத் தொழிற்சாலை தந்த நன்கொடை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக முடிகிறது.

“எக்செல்ல இது மூணும் மூணு ஷீட்டு சார். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்கறதே தெரியாது” என்றார்.

முதல் சிக்கல் பெயரில் வந்திருக்கிறது. மென்பொருள் கேட்பது முதல் பெயர், கடைசிப் பெயர். சித்தூரில் தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் ஒரே தெருவில் இருக்கின்றன. தமிழருக்கு இனிஷியல் அப்பா பெயர்; தெலுங்கருக்கு அது வீட்டுப் பெயர், அதுவும் முன்னால் வரும். ஷீட்டில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகப் போட்டிருந்தார்கள். இப்போது, அழைக்கும் பெயர் முதல் கட்டத்தில், இனிஷியலோ வீட்டுப் பெயரோ இரண்டாவது கட்டத்தில் என்று ஒரே விதி. பெயர் திரையில் எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்பதை அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். நிரலைத் தொட வேண்டியதில்லை. ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், தமிழிலோ தெலுங்கிலோ எழுத ஒரு கஸ்டம் ஃபீல்டு (நாமே சேர்த்துக்கொள்ளும் கட்டம்) என்று இரண்டையும் வைத்திருக்கிறார்கள். கடிதத்துக்கு அவரவர் எழுத்து, தேடுவதற்கு ஆங்கில எழுத்து.

அடுத்தது முகவரி. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டம் பிரிந்தது. திருப்பதியும் ஸ்ரீகாளஹஸ்தியும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. பழைய ஷீட்டில் எல்லாமே சித்தூர் மாவட்டம். பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்றால், சித்தூர் 517001, திருப்பதி 517501, தொடக்கம் ஒன்றே. ஆந்திராவில் 1985 முதல் தாலுகாவுக்குப் பதில் மண்டலம்தான் நடப்பில் இருக்கிறது. அதனால் மண்டலத்துக்கென்று தேர்வுப் பட்டியலுடன் ஒரு கஸ்டம் ஃபீல்டு போட்டு, ஊரைத் தேடி எடுத்து, மாவட்டத்தை மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். இனி மாவட்ட எல்லை எப்படி மாறினாலும் மண்டலத்தைப் பிடித்துச் சரிசெய்துவிடலாம்.

இரட்டைப் பதிவைக் களைவதில்தான் அதிக நேரம் போயிருக்கிறது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருக்கிறாரா என்று பார்க்க, மென்பொருள் முதலில் நம்புவது மின்னஞ்சலை. இங்கே பாதிப் பேருக்கு அது கிடையாது. போனை மட்டும் நம்பவும் முடியாது. ஒரு வீட்டுக்கு ஒரே நம்பர் இருக்கும். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் மதிப்பெண் கொடுத்து விதி எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறது. போன் பொருந்தினால் 10, முதல் பெயர் பொருந்தினால் 5, மொத்தம் 15 வந்தால் சந்தேகத்துக்குரிய ஜோடி என்று வைத்திருக்கிறார்கள். ஒரே நம்பரை ஒருவர் முன்னால் சைபருடன், ஒருவர் 91 சேர்த்து, ஒருவர் வெறும் பத்து இலக்கமாக எழுதியிருந்தால் விதி தோற்றுப்போகும். அதை எக்செல்லிலேயே சுத்தம் செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

பிற்பகலில் திருப்பதிக் கிளைக்குப் போனேன். ஸ்விம்ஸ், ரூயா, பர்ட் என்று பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள ஊர். ராயலசீமா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இங்கே கஸ்டம் ஃபீல்டு இரண்டுதான்: ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. அந்தத் தேதியை எழுத்து வகையில் அல்லாமல் தேதி வகையில் உருவாக்க வேண்டும். ஃபீல்டின் வகையை உருவாக்கியபின் மாற்ற முடியாது, எழுத்தாகக் கிடக்கும் தேதியில் நாள் கணக்குப் பார்க்கவும் முடியாது.

கிளைப் பொறுப்பாளர் ‘ஸ்மார்ட் குரூப்’பைக் காட்டினார். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டுத்தான் மறுபடி ரத்தம் கொடுக்கலாம். ‘ஓ நெகட்டிவ், திருப்பதி மண்டலம், இடைவெளி முடிந்தவர்’ என்று ஒருமுறை தேடிச் சேமித்துவிட்டால் போதும். பட்டியல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. நேற்று ரத்தம் கொடுத்தவர் இன்று அதில் இருக்கமாட்டார்.

“நைட்டுல போன் வந்தா நோட்டப் புரட்டிக்கிட்டு இருப்போம் சார். போன வாரம் குடுத்தவருக்கே திரும்பப் போன் போட்டு, திட்டும் வாங்கியிருக்கோம்.”

நன்கொடைக் கணக்கை இந்திய முறைக்கு வளைப்பது எளிதாகவே இருக்கிறது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதாக வருவதை ஏப்ரலுக்கு மாற்ற வேண்டும். 80ஜி வரிச்சலுகை தரும் நிறுவனங்கள் 2021-22 நிதியாண்டு முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் விவரத்தையும் மே 31-க்குள் படிவம் 10பிடியில் தாக்கல் செய்ய வேண்டியதாயிற்று. தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய். இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. எனவே பான் எண்ணும் பணம் வந்த வழியும் பதிவில் இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனமானால் அதற்குத் தனி நிதி வகை வேண்டும். 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழும்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் விவரம் சித்தூர்க்காரர்களுக்கு மட்டும். திருப்பதியில் திறந்தால் அது வராது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்ய வேண்டிய காரியம்.

இலவசம் என்பதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. சர்வர் வாடகை உண்டு. மாதந்தோறும் புதுப் பதிப்பு வரும். பேக்கப் எடுத்துவிட்டு ஏற்ற ஓர் ஆள் வேண்டும். மூல நிரலிலேயே கைவைத்துத் திருத்தினால் அடுத்த பதிப்பு அதை அழித்துவிடும். அமைப்புப் பக்கத்தில் முடியாததைத் தனி எக்ஸ்டென்ஷனாக எழுதுவதே வழி. எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும்.

நான் பார்த்தவரை, இவர்களைக் காப்பாற்றியது மென்பொருளைவிட, அதைத் திறப்பதற்கு முன் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த விதிகள்தான்: பெயரை எப்படி எழுதுவது, மண்டலத்தை எங்கே போடுவது, எந்த விவரத்தைக் கேட்கவே கூடாது. ஓர் ஊரில், ஒரே மேஜையில், சில நூறு பெயர்களோடு வேலை பார்க்கும் அமைப்புக்கு எக்செல்லே போதும். இரண்டு ஆபீஸ், இரண்டு மொழி, ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வேடம் என்று வளர்ந்துவிட்ட அமைப்பானால் தயங்காமல் மாறலாம். மாறுவதற்கு முன், பராமரிக்கப்போகும் ஆள் யார் என்று ஒரு பெயரை எழுதி வைத்துவிடுங்கள். அந்தப் பெயர் கிடைக்காதவரை பழைய நோட்டே இருக்கட்டும்.