யாருக்குப் போன் போடுகிறோம்?

லினக்ஸில் டேட்டா டாங்கிள் அமைத்தவர்களுக்கு *99# என்ற எண் அத்துப்படி. நானும் பல வருடங்களாக யோசிக்காமல் அடித்து வந்தேன். மும்பை பாண்டுப் தெம்பிபாடாவில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு மோடம் போட்டுக் கொடுக்கும்போது அவள் கேட்டாள்: “அண்ணா, இது யாரோட நம்பர்? நாம யாருக்குப் போன் போடுறோம்?”

“அது அப்படித்தான், அடி” என்பதுதான் எனக்கு ஒரு காலத்தில் கிடைத்த பதில். அதையே அவளுக்கும் சொல்ல மனம் வரவில்லை.

லேப்டாப் லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழையது. கிரப் மெனுவில் பழைய கெர்னல்கள் குவிந்து கிடந்தன. எப்போதோ அழிக்கப்பட்ட விண்டோஸின் பெயர்கூட நின்றது. அதைச் சுத்தம் செய்வது சுலபமான வேலை. ஓடுகிற கெர்னலையும் அதற்கு முந்தைய ஒன்றையும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கி, அப்டேட்-கிரப் கொடுத்தோம். முந்தையது ஒன்று இருந்தே ஆக வேண்டும். புதியது கிளம்பாத நாளில் அதுதான் கைகொடுக்கும்.

*99# அப்படி லேசில் விடவில்லை. காரணம் அவளுடைய தாத்தா. திருநெல்வேலிக்காரர், எல்பிஎஸ் மார்க்கில் எஸ்டிடி பூத் வைத்திருந்தவர். “இது பேங்க் நம்பர்லா தம்பி! 2016ல நோட்டு செல்லாதுன்னானே, அப்ப இதுலதான் பேலன்ஸ் பார்த்தேன்” என்றார். பட்டன் போனில் அடித்தும் காட்டினார். வங்கி மெனு வந்தது.

அவர் சொன்னது உண்மைதான். இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2012 நவம்பரில் தொடங்கி, 2014 ஆகஸ்ட் 28 அன்று ஜன்தன் திட்டத்தோடு பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சேவை அது. டாங்கிளும் அதே வழியாகத்தான் போகிறதோ என்று அதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச காலம் அலைந்தேன். பாதை முட்டிக்கொண்டது. 2012க்கு முன்பே டாங்கிள்கள் இதே எண்ணை அடித்தன. சிடிஎம்ஏ டாங்கிள்களோ #777 அடித்தன.

தாத்தா மசியவில்லை. “நம்பர் அடிச்சா அந்தப் பக்கம் ஒருத்தன் எடுக்கணும். எடுக்காம மீட்டர் ஓடாது. முப்பது லட்சம் கால் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியாதா?”

இந்தப் பிடிவாதம்தான் என்னைத் திருப்பிவிட்டது. யாருடைய எண் என்பதை விட்டுவிட்டு, யார் எடுக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்து, டாங்கிளிடம் நேரடியாக ஏடிடி*99# என்று தட்டினேன். உடனே ‘கனெக்ட்’ என்றது. அடுத்து ~ குறியும் } குறியுமாகப் புரியாத எழுத்துகள். அந்த ~ தான் பிபிபி நெறிமுறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எல்லை. அதை அனுப்புவது தூரத்து எக்ஸ்சேஞ்ச் இல்லை, கையில் இருக்கும் டாங்கிளே. பெரும்பாலான டாங்கிள்கள் நெட்வொர்க்கிடம் இணைப்பு கேட்பதற்கு முன்பே ‘கனெக்ட்’ சொல்லிவிடுகின்றன.

மிச்ச விடை 3ஜிபிபி 27.007 என்ற தரநிலை ஆவணத்தில் கிடைத்தது. டேட்டா சேவையைக் கோரும் குறி 99 என்று அதில் எழுதியே இருக்கிறது. இருக்கும் இடம் இன்னும் முக்கியம்: பழைய மோடம்களோடு ஒத்துப்போவதற்கான கட்டளைகள் என்ற பிரிவு. அன்றைய கணினிகளுக்கு டயல் செய்து இணையத்துக்குள் போகத்தான் தெரியும். அவற்றுக்காக, டாங்கிள் தன்னை டெலிபோன் மோடமாகக் காட்டிக்கொள்கிறது. ‘ஏடி’ என்று தொடங்கும் இந்தக் கட்டளைகளே 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் சொத்து. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் திறந்தபோது, மோடம்கள் நிஜமாகவே லேண்ட்லைனில் எண் சுழற்றின. மறுமுனையில் நிஜமாகவே ஒரு மோடம் எடுத்தது.

இதைத் தாத்தாவிடம் விளக்கினேன். வெகுநேரம் டாங்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப இதுக்குள்ளயே ஒருத்தன் உக்காந்து எடுக்கான். சரி, பில்லு எப்படி? நிமிஷத்துக்கா?”

“நிமிஷக் கணக்கு இல்ல தாத்தா, எம்பி கணக்கு” என்றாள் பேத்தி.