கோட்டின் நடுவில் பத்து

படுவான்கரைப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர் இல்லாமையால், தமிழ் கற்ற நாமே ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் நடத்த நேர்ந்தது. கரும்பலகையில் கோடு கிழித்து, இடமுனையில் 1, வலமுனையில் 100 என்று எழுதி, பத்து எங்கே வரும் என்றோம். வயல்வேலையால் நெடுநாள் பள்ளியை இழந்திருந்த மாணவனொருவன் கோட்டின் நடுவிலே புள்ளியிட்டான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். மந்தபுத்தி என்று மனத்துள் முடிவும் கட்டிவிட்டோம்.

பின்னரே படித்தறிந்தோம். அமேசான் காட்டு முண்டுருக்கு மக்களும் சிற்றெண்களை அகலவிட்டுப் பேரெண்களை நெருக்கியே கோட்டில் வைத்தனர் என்று பிரெஞ்சு அறிஞர் தெஹேனும் குழுவினரும் 2008இல் வெளியிட்டிருந்தனர். ஒன்றுக்குப் பத்து எத்தனை மடங்கோ, பத்துக்கு நூறும் அத்தனை மடங்கு. அவ்வாறு அளந்தால் நடுவில் நிற்பது பத்துத்தான். சம இடைவெளி என்பது பெரிதும் பள்ளி தரும் பழக்கம். அவனுக்கோ பள்ளியே கிடைக்கவில்லை.

இங்கே வயலின் பரப்பை விதைநெல்லின் அவணக் கணக்கில் சொல்வது வழக்கம். மறுநாள் அவனை அழைத்து, "நூறு அவணத்தில் பத்து அவணம் சிறு துண்டல்லவா?" என்றோம்.

"பத்தவணமெண்டா போடியார்ர காணி, சேர். நூறவணம் நான் கண்டதே இல்ல."