செம்பனை நின்ற மண்ணில் சின்ன வண்டிப் பந்தயம்

வாசகர்களே! செப்பாங் என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு விமான நிலையம் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கு மோட்டார் பந்தயத் திடல் நினைவுக்கு வரும். எங்கள் கோலலங்காட் வட்டாரத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் செம்பனை நின்ற இடம்" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். 1998ஆம் ஆண்டில் விமான நிலையமும், மறு ஆண்டு பந்தயத் திடலும் திறக்கப்படும் முன்பு, அந்தப் பக்கமெல்லாம் குலை வெட்டும் சத்தமும் டிராக்டர் சத்தமும்தான்.

அந்த மண்ணை அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று பார்த்து வந்தேன். விமானம் ஏறுவதற்காகப் போகவில்லை. என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒரு பையன் அங்கே 'கோ-கார்ட்' பந்தயத்தில் ஓடினான். அதைப் பார்க்கப் போனேன். பார்த்ததை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தகப்பனார் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது பந்திங் பட்டணத்தில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை. பிள்ளைகள் இருவர். இருவருமே என் மாணவர்கள். மூத்தவன் பதினேழு வயதில், இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில், கூட்டாளிகளோடு இரவு நேரத்தில் பெரிய சாலையில் பந்தயம் விட்டான். ஓரமாக நின்றிருந்த லோரியில் மோதினான். பின்னால் அமர்ந்திருந்த நண்பன் அங்கேயே இறந்துவிட்டான். அவனும் என் மாணவன்தான். மூத்தவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரே வாரத்தில் ஒரு மாணவனின் சவ ஊர்வலத்துக்கும், இன்னொரு மாணவனின் மருத்துவமனைக் கட்டிலுக்கும் போய் வந்தேன். அந்த வாரத்தை நான் மறக்கவில்லை.

இளையவனுக்கும் அதே வேகப் பைத்தியம். பத்து வயதிலேயே தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டாரை உருட்டத் தொடங்கிவிட்டான். தகப்பனார் அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. அந்த நேரத்தில் பட்டறைத் தவுக்கேயின் மகன் ஓட்டி முடித்த பழைய கார்ட் வண்டி ஒன்று மூலையில் கிடந்தது. "பழுது பார்த்து உன் பையனுக்கு ஓட்டக் கொடு" என்று தவுக்கே சொல்லிவிட்டார். தகப்பனார் மகனை சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, "ரோட்டுல எந்தக் காலத்திலயும் பந்தயம் விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு. திடல்ல ஓட்டறதுக்கு நான் வழி பண்றேன்" என்றாராம். அப்படித் தொடங்கியது இது.

நான் இதை எதிர்த்தவன். ஒளிக்காமல் சொல்கிறேன். "இது பணக்காரப் பிள்ளைகள் விளையாட்டு. பையன் படிப்பும் கெடும், உங்கள் சம்பளமும் கரையும்" என்று இரண்டு முறை சொன்னேன். "ஒரு நாளைக்கு வந்து பாருங்க சார். பார்த்துட்டு அப்புறம் ஏசுங்க" என்றார். அதனால்தான் அன்று காலை ஆறு மணிக்கே அவருடைய பழைய வேனில் ஏறினேன். பின்னால் வண்டி, டயர்கள், பெட்ரோல் டின், பானை நிறையப் புளிச்சாதம்.

பந்திங்கிலிருந்து போகும் சாலையில் செம்பனை வரிசைகள் இன்னும் உண்டு. விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கும். பெரிய திடலின் பார்வையாளர் கூரையைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அந்தத் திடல் ஒரு சுற்றுக்கு 5.543 கிலோமீட்டர், பதினைந்து வளைவுகள். 1999 முதல் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் அங்கே நடந்தது. 2005இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அங்கே ஓடினார். பார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரும் அவரே. அதற்கு முன்பே, 2001இல், நம் நாட்டு அலெக்ஸ் யோங் அந்த நிலைக்கு உயர்ந்துவிட்டார். நாங்கள் போனது அதன் அருகில் உள்ள சின்னத் திடலுக்கு. சின்னத் திடல் என்றாலும் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

கார்ட் வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்தால் சிரிப்பீர்கள். இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த சட்டம், நான்கு குட்டிச் சக்கரங்கள், ஓர் இருக்கை, பக்கத்தில் ஓர் இயந்திரம். கூரை கிடையாது, கதவு கிடையாது, வில் கூடக் கிடையாது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பூட்டி முதல் வண்டியைச் செய்தார். இன்று 125 சிசி எஞ்சின் பூட்டிய வண்டிகளும் ஓடுகின்றன. பதினான்கு வயதுப் பிள்ளைகளின் வண்டியே நேர்ப்பாதையில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். இருக்கையோ தரையை உரசுவது போல் இருக்கும்.

இடுப்புப் பட்டி ஏன் இல்லை என்று தகப்பனாரைக் கேட்டேன். "கூரை இல்லாத வண்டி சார். கவிழ்ந்தா பையன் வெளிய விழறதுதான் நல்லது. கட்டிப் போட்டா வண்டி அவன் மேல விழும்" என்றார். அதனால்தான் தலைக்கவசமும், கழுத்துப் பட்டையும், விலா எலும்பைக் காக்கும் கவசமும், தடித்த உடுப்பும். வில் இல்லாத வண்டி ஒவ்வொரு மேட்டையும் விலாவில்தான் காட்டும் என்பதால், கவசம் இருந்தும் பையன் பலமுறை விலா வீங்கி வீடு திரும்பியிருக்கிறான்.

இன்னொரு விந்தை. மாட்டு வண்டியில் இரண்டு சக்கரமும் தனித்தனியே சுழலும். கார்ட்டில் பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிச் சக்கரம் அதிக தூரமும் ஓட வேண்டும் அல்லவா? பூட்டிய சக்கரங்கள் எப்படி ஓடும்? அதற்காக, திருப்பும் போது சட்டமே சற்று வளைந்து உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கிவிடும். மூன்று சக்கரத்தில் வளைவைக் கடந்து மீண்டும் நான்கில் ஓடும். கணக்கும் அறிவியலும் இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பையன் டயரின் காற்றழுத்தத்தையும் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு பள்ளிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தான். வகுப்பில் அவனை எழுத வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!

மற்ற கூடாரங்களைப் பார்த்தேன். புது டயர்கள் அடுக்கடுக்காக, சம்பளத்துக்கு மெக்கானிக்குகள், மின்விசிறிகள். எங்கள் கூடாரம் கோயிலிலிருந்து இரவல் வாங்கியது. எங்கள் மெக்கானிக் மூத்தவன்தான். செயற்கைக் காலை நீட்டிப் போட்டுத் தரையில் உட்கார்ந்து சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொண்டிருந்தான். டயர்கள் பிறர் ஓட்டிக் கழித்தவை. புது டயர் ஒரு ஜோடி வாங்கப் பால்மரம் வெட்டுகிறவருக்குப் பல நாள் கூலி வேண்டும்.

"கழிச்ச டயர்ல ஓடறது கேவலம் இல்ல சார்" என்றான் மூத்தவன். ஜெர்மனியில் கொத்தனார் மகனாகப் பிறந்த மைக்கேல் ஷூமாக்கரும் சிறுவயதில் பிறர் கழித்த டயரில்தான் ஓடினாராம். பின்னாளில் இதே செப்பாங்கில் மூன்று முறை வென்றார். 2014இல் இங்கே வென்ற லூயிஸ் ஹமில்டனின் தகப்பனாரும் மகனின் கார்ட் செலவுக்காக ஒரே காலத்தில் பல வேலைகள் பார்த்தவர். அந்த வரலாறெல்லாம் மூத்தவனுக்கு மனப்பாடம்.

ஆனாலும் வாசகர்களே, வரலாறு வண்டியைத் தள்ளாது. இருபத்து நான்கு பேரில் நம் பையன் நேர ஓட்டத்தில் பதினேழாவது. காலைப் பந்தயத்தில் பதினைந்தாவது. நேர்ப்பாதையில் புது எஞ்சின்கள் அவனை ஒன்றன் பின் ஒன்றாகத் தாண்டிப் போயின. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் வண்டியும் ஓட்டியவனும் சேர்ந்து தராசில் ஏற வேண்டும். குறிப்பிட்ட எடைக்குக் குறைந்தால் அந்த ஓட்டம் செல்லாது. மெலிந்த பையன் என்பதால் இருக்கையில் ஈயக் கட்டிகளை முடுக்கியிருந்தார்கள். தராசிலிருந்து இறங்கியவன் யாரிடமும் பேசவில்லை. அது சிறுவர் பிரிவில் அவனுக்குக் கடைசிப் பந்தயம். அடுத்த பிரிவுக்குப் போனால் வேறு எஞ்சின், கூடுதல் செலவு. அதற்குத் தகப்பனாரிடம் வழியில்லை. இது மூன்று பேருக்கும் தெரியும்.

பிற்பகலில் வானம் கறுத்தது. செப்பாங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் பெரிய பந்தயத்தையே பாதியில் நிறுத்தி, வென்றவர்களுக்குப் பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பிய மழை அது. இறுதிப் பந்தயத்துக்கு அரை மணி இருக்கும் போது கொட்டியது. எல்லாரும் வெட்டுள்ள மழை டயருக்கு மாற்றினார்கள்.

மூத்தவன் தம்பியின் தலைக்கவசத்தைப் பிடித்துக் குனிந்து சொன்னான்: "எல்லாரும் ஓடற கோட்டுல ஓடாதே. அங்க ரப்பர் ஒட்டியிருக்கு. காஞ்சா பிடிக்கும், நனைஞ்சா வழுக்கும். வெளியால சுத்திப் போ. நம்ம தோட்டத்துச் செம்மண் ரோடுன்னு நெனச்சுக்க."

ரப்பரால் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் யார் சொல்ல முடியும்?

இரண்டிரண்டாக வரிசை பிடித்து வந்து கொடி அசைந்ததும் பாய்ந்தார்கள். முதல் வளைவிலேயே நான்கைந்து வண்டிகள் சுழன்று புல்லில் நின்றன. நம் பையன் அகலமாக, எல்லாரும் ஒதுக்கிய வெளிப்பக்கமாகவே சுற்றினான். மழையில் பெரிய எஞ்சினுக்கு மதிப்பு குறைந்துவிடுகிறது. கால் பதமாக மிதிப்பவனுக்கே வழி கிடைக்கிறது. பத்தாவது, எட்டாவது, ஆறாவது என்று ஏறினான். நான் குடையை மறந்து வேலியைப் பிடித்துக் கொண்டு நின்றேன். கடைசிச் சுற்றில் நான்காவதாக இருந்தான். கடைசி வளைவுக்கு முன் மூன்றாவது வண்டியின் உள்பக்கம் நுழைந்தான். லேசாக ஓர் இடி. தாண்டிவிட்டான். மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தான்!

தகப்பனார் ஓவென்று கத்தினார். நானும் கத்தினேன். ஐம்பதை நெருங்கும் வாத்தியார் மழையில் நின்று கத்துவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் வண்டி தராசுக்கு வந்த போது அதிகாரி குனிந்து அதன் முன்மூக்கைத் தொட்டார். பிளாஸ்டிக் மூக்கு பிடியிலிருந்து கழன்று உள்ளே இறங்கியிருந்தது. முன்னால் போகிறவனை இடித்தால் அது அப்படித்தான் கழலும். அதற்காகவே அப்படிப் பூட்டுகிறார்கள். அதற்குத் தண்டனை ஐந்து வினாடி. பலகையில் முடிவை ஒட்டினார்கள். நம் பையன் ஏழாவது. மூன்று பேர் ஏறும் மேடையில் அவனுக்கு இடமில்லை.

கூடாரத்தில் பையன் அழுதான். "அவன்தான் சீக்கிரம் பிரேக் பிடிச்சான்! நான் என்ன செய்யறது?" என்று நனைந்த கையுறையைத் தரையில் வீசினான். தகப்பனார் மௌனமாக நின்றார். மூத்தவன் கேட்டான்.

"நீ இடிச்சியா, இல்லையா?"

வெகுநேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாக, "இடிச்சேன் அண்ணே."

"அப்ப முடிஞ்சது. உனக்கு அஞ்சு வினாடி போச்சு. எனக்கு ஒரு கால் போச்சு, எங்கூட வந்தவனுக்கு உசுரே போச்சு. போய் அந்தப் பையனுக்குக் கை கொடுத்துட்டு வா."

பையன் முகத்தைத் துடைத்துக் கொண்டு போனான். அடுத்த கூடாரத்துச் சீனப் பையன் எழுந்து கை கொடுத்தான். அவனுடைய தந்தை வந்து, மழையில் நம் பையன் ஓட்டியதைப் பாராட்டிவிட்டு, ஒரு ஜோடி மழை டயரை எங்கள் வேனில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த பந்தயம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பையனிடம், "இனி என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். "தொழிற்கல்லூரியில வாகனப் பிரிவுக்கு மனு போடறேன் சார். அண்ணன் எனக்குச் செஞ்ச மாதிரி, இன்னொருத்தனுக்கு வண்டி செஞ்சு குடுக்கணும்" என்றான். வண்டியைத் தவுக்கேயிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறார்களாம்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளைக் கார்ட் பந்தயத்துக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் வருமானத்துக்கு அது எட்டாது. அந்தக் குடும்பத்துக்கும் ஒருவருடைய நல்ல மனத்தால்தான் இவ்வளவு தூரம் எட்டியது. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுக் கொள்கிறேன். பிள்ளைக்கு வேகத்தில் ஆசை என்றால் அதை அடித்து அணைக்க முடியாது. அந்த ஆசைக்கு ஒரு திடல் தேடிக் கொடுங்கள். பந்தாட்டத் திடலாக இருக்கட்டும், ஓட்டப் பாதையாக இருக்கட்டும், பட்டறையாக இருக்கட்டும். தவறு செய்தால் ஐந்து வினாடி மட்டும் போகிற இடமாக அது இருக்கட்டும். பெரிய சாலையில் இரவு பத்து மணிக்குப் பின் எழும் அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டுக் கொண்டு படுத்திருக்காதீர்கள். எழுந்து போய், அதில் உங்கள் பிள்ளை இருக்கிறானா என்று பாருங்கள்.

தகப்பனாரை நான் ஏசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும் போது, "நான் சொன்னது தப்புங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மிச்சமிருந்த புளிச்சாதத்தை ஒரு பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தார்.