காவற்பொறியும் ஓர் ஊர்ப்பெயரும்

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் இரார். 2001-ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும், 2003-ஆம் ஆண்டில் தமிழிலும் தோன்றிய இக்களஞ்சியத்தில் எழுதுதற்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எவரும் கெடுக்கவும் கூடும் என்பது இதனோடு உடன்பிறந்த இடர். தமிழ் விக்கிப்பீடியர் இக்கேட்டினை ‘விசமத் தொகுப்பு’ என வழங்குவர். இவ்வச்சம் நம் முன்னோர்க்கும் இருந்ததே. கோயிற் சுவரிற் பொறித்த தானசாசனத்தின் ஈற்றில், இத்தர்மத்திற்குக் கேடு செய்தவன் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என எழுதிவைத்தனர். கல்லிற் பொறித்ததை உளியின்றி அழித்தல் இயலாது. அவ்வளவு அரிய செயலுக்கே அத்துணைப் பெரிய சாபம்! விக்கியிலோ கைப்பேசி ஒன்றும் அரை நிமிடமும் இருந்தாற் போதும்.

யான் திண்டிவனத்தில் வாழ்ந்து விழுப்புரத்தில் அலுவல் பார்ப்பவன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என நின்று நின்று செல்லும் பாசஞ்சர் வண்டியில், ‘அண்மைய மாற்றங்கள்’ என்னும் பட்டியலைப் பார்த்துச் செல்வது சில ஆண்டுகளாக என் வழக்கம். எங்கள் மாவட்டத்து ஊர்ப்பக்கங்களே என் கண்காணிப்பில் உள்ளவை. அருகிருப்போர் யான் பங்குச்சந்தை விலை பார்ப்பதாக எண்ணுகின்றனர் போலும். பலகாலும் எட்டிப் பார்த்து ஏமாறுகின்றனர்.

அப்பட்டியலிற் காணும் கேடுகளுள் மிகுதியானவை விளையாட்டே. ஒரு சிறுவன் தன் ஊரின் புகழ்பெற்றோர் வரிசையில் தன் பெயரைச் சேர்ப்பான். ஒருவன் பக்கம் முழுவதையும் அழித்து ‘ஹாய்’ என்று எழுதிப் போவான். இவற்றைத் திருப்புதற்கு மனிதக் கண் எதற்கு? ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010-ஆம் ஆண்டு முதல் ‘குளூபாட் என்ஜி’ என்னும் தானியங்கி இவ்வேலையைச் செய்துவருகின்றது. மனிதர் முன்னரே நன்று, தீது எனத் தீர்ப்பளித்த பல்லாயிரம் திருத்தங்களை அதற்குக் காட்டிப் பழக்கியுள்ளனர். எந்தச் சொற்கள் கேட்டில் மிகுதியாக வருகின்றன, எவ்வளவு நீக்கப்பட்டது, எழுதியவர் புதியவரா என்பன போன்ற அடையாளங்களைக் கூட்டிப் பார்த்து, ஒவ்வொரு திருத்தத்திற்கும் அது ஒரு மதிப்பெண் இடும். வரம்பு மீறினால் நொடிப்பொழுதில் பக்கம் பழையபடியாகும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இப்பொறி ஓடாது நின்றிருந்த நாள்களிலும் கேடுகள் மனிதரால் திருத்தப்பட்டே வந்தன. ஆயின் அதற்கு ஆன காலம் ஏறக்குறைய இருமடங்காயிற்று.

இதனை ஆக்கியோர் வெளியிட்ட கணக்கு ஒன்று என் நினைவைவிட்டு நீங்குவதில்லை. நல்ல திருத்தங்களில் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தவறாகத் திருப்பலாகாது என வரம்பிட்டால், கேடுகளுள் சுமார் 40 விழுக்காட்டையே பொறி பிடிக்கும். நானூற்றில் ஒன்று எனத் தளர்த்தினால் 55 விழுக்காடு பிடிபடும். அவர்கள் 55-ஐ விட்டு 40-ஐத் தேர்ந்தனர். அத்தேர்வினை யான் மிகவும் மதிக்கின்றேன். அந்த ஆயிரத்தில் ஒருவர் யார் என்று நம் பக்கத்து ஊர்களில் எண்ணிப் பாருங்கள்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கணக்குத் தொடங்காத ஒருவர், ஒரு மாலைப்பொழுதில், ஒரு காரணமும் எழுதாமல், பக்கம் பக்கமாகச் சென்று ‘விழுப்புரம்’ என்பதை நீக்கிக் ‘கள்ளக்குறிச்சி’ என இட்டுவந்தார். பொறியின் கண்ணுக்கு இது பச்சைக் குறும்பு. சங்கராபுரம் எந்த மாவட்டத்திற்குச் சென்றது என்பதை அறிந்தவனுக்கோ, செய்தி படித்த ஒருவரின் நற்செயல். ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவோர் தொகை 2007-க்குப் பின் குறைந்தது ஏன் என ஆராய்ந்தோரும், 2013-இல், இதை ஒத்த காரணம் ஒன்றைக் கண்டனர்: நல்லெண்ணத்தோடு வந்த புதியவர் பலர், தம் முதல் எழுத்து கருவிகளால் உடனே திருப்பப்படக் கண்டு, மீண்டும் வரவேயில்லை. தமிழில் எழுதுவோர் தொகையோ முன்னமே சிறிது.

தமிழ்ச் சொல்லின் இயல்பும் பொறிக்கு ஒரு தொல்லை. வேற்றுமையுருபும் சாரியையும் ஏறி ஒரு சொல் பல வடிவம் கொள்ளும். வசைச்சொற்பட்டியலில் ஒரு வடிவம் இருந்தால் மற்றவை நழுவும். சில வேளை நல்ல சொல்லின் நடுவில் வசையின் எழுத்துகள் அமைந்து, குற்றமற்ற வாக்கியம் அகப்பட்டுக்கொள்ளும். இவை காலப்போக்கில் தீரக்கூடியவை. தீராதது வேறு.

தமிழகத்து ஊராட்சிப் பக்கங்கள் பல தானியங்கியாலேயே, அரசுப் புள்ளிவிவரத்தினின்று ஆக்கப்பெற்றவை. குடிநீர் இணைப்புகள் இத்தனை, கைக்குழாய்கள் இத்தனை என்று அட்டவணை வரும். ஈற்றில் அவ்வூராட்சியைச் சேர்ந்த சிற்றூர்களின் பெயர்ப்பட்டியல் நிற்கும். ஒருநாள் வண்டி பேரணியில் நின்றிருந்தபோது, அத்தகைய பட்டியல் ஒன்றினின்று ஒரே ஒரு பெயர் நீங்கியிருக்கக் கண்டேன். ‘காலனி’ என முடியும் பெயர். எங்கள் பக்கத்தில் ஊர் என்றும் காலனி என்றும் பிரித்துச் சொல்வதன் பொருளை ஈண்டு விரித்தெழுத வேண்டுவதில்லை. நீக்கியவர் வசை ஒன்றும் எழுதவில்லை. ஒரு வரியை எடுத்துவிட்டு, எஞ்சிய பெயர்களின் வரிசையெண்ணையும் ஒழுங்குசெய்து சென்றிருந்தார். பொறி மதிப்பெண் இட்டிருந்தால், ‘ஹாய்’ எழுதிய சிறுவனைவிட இவருக்கே நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

இவ்வளவும் நிகழ்ந்த காலமும் குழப்பமான காலம். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர், ‘காலனி’ என்னும் சொல் இழிவின் குறியாகிவிட்டமையால் அரசு ஆவணங்களினின்றும் பொதுவழக்கினின்றும் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். அதனைப் படித்த அன்பர் சிலர், வேறு பக்கங்களில் அச்சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, ஊர்ப்பெயரை அப்படியே நிறுத்தினர். இவர் சொல்லோடு ஊரையும் எடுத்துவிட்டார். இரண்டும் சில எழுத்துகளின் நீக்கமே. காரணம் எழுதாத நீக்கமே. ஒன்று அம்மக்களுக்கு மதிப்பளிப்பது. மற்றொன்று அவர்களை இல்லையெனச் சொல்வது. பொறி எத்தனை கூர்மையதாயினும், இவ்வேறுபாட்டை எழுத்துகளினின்று எடுக்க அதனால் ஆகுமோ? ஐயமானவற்றைத் தேடி முன்வைக்கும் ஏவலாள் வேலையை அதற்குக் கொடுக்கலாம். தீர்ப்பு அவ்வழியே நடந்து சென்றவரிடம் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

ஊராட்சிப் பட்டியலை ஆதாரமாகக் காட்டி, யான் அப்பெயரை மீட்டேன். இரண்டு நாளில் மறுபடி நீங்கியது. இம்முறை யான் முன்பின் அறியாத பயனர் ஒருவர் அதனை மீட்டு, நீக்கியதற்குக் காரணம் யாது என உரையாடற் பக்கத்திற் கேட்டிருந்தார். விடை வரவில்லை. அச்சிற்றூரினின்று விழுப்புரத்திற்கு வந்து பயிலும் மாணாக்கர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் அன்றே கணக்குத் தொடங்கி, அப்பக்கத்தைத் தம் கவனிப்புப் பட்டியலிற் சேர்த்தார். அடுத்த வாரம் தம் தெருவிலுள்ள தொடக்கப்பள்ளியின் படம் ஒன்றையும் ஏற்றினார். படத்தின்கீழ் ஊர்ப்பெயரைக் ‘காலனி’ என்னும் சொல் இல்லாமல் எழுதியிருக்கின்றார்.