நாப்பத்தஞ்சு நாள்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கிறது வழக்கமா சொல்ற காரணம். நிஜக் காரணம் வேற. நானும் என் காலேஜ் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கப் போறோம். சாப்ட்வேர் இல்லை. சலவைத்தூள், பாத்திரம் துலக்குற சோப்பு, பினாயில். :-)

சிரிச்சு முடிச்சாச்சா? சரி, மேல படிங்க.

எங்க ஊர் தென்காசிப் பக்கம். எங்க தெருவுல பாதி வீட்டுத் திண்ணையில பீடித் தட்டு இருக்கும். அம்மா இருக்கிற மகளிர் குழுவுல 12 பேர். சில வருஷம் முன்னாடி பயிற்சி எடுத்து, சோடா ஆஷ், ஸ்லரி எல்லாம் வாங்கி, சலவைத்தூள் போட ஆரம்பிச்சாங்க. தூள் நல்லாவே இருந்துச்சு. டவுன்ல ஒரு பெரிய கடையில வாங்கிக்கவும் செஞ்சாங்க. காசுதான் வரலை. "அடுத்த மாசம் பாக்கலாம்மா"ன்னே மூணு மாசம் ஓடிப்போச்சு. பாக்கெட் ஒட்டுற மெஷின் இப்ப எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில சேலை சுத்திக் கிடக்கு. எல்லாரும் திரும்பப் பீடிக்கே போயிட்டாங்க.

ஏன்னு எதிர்வீட்டு மதினிகிட்ட கேட்டேன். "தம்பி, பீடி சுத்துனா நெஞ்சு காந்தும்னு எனக்குத் தெரியாதா? ஆனா சனிக்கிழமை துட்டு வந்துரும்லா"ன்னாங்க.

இந்த ஒரு பதில்தான் என் மண்டையைக் குடைஞ்சுகிட்டே இருக்கு.

நண்பனோட திட்டம் வேற மாதிரி இருந்துச்சு. "மாப்ளே, ஏழைங்களுக்கு மலிவு விலையில நல்ல சோப்பு குடுப்போம். அதுவே பெரிய சேவை." சி.கே.பிரகலாத் 2004ல எழுதுன புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவன் அவன். அதுல நியாயம் இல்லாம இல்லை. நம்ம கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்ல அடைச்சார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல 15,000 ரூபாயோட தனியா வந்து சிக் ஷாம்பூ போட்டார். பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கெல்லாம் ஷாம்பூ போய்ச் சேர்ந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா சுருக்குப்பையில இருந்து வெளிய போற காசு குறையறது வேற, உள்ள வர்ற காசு கூடறது வேற. நாலு ரூபாய் சோப்பை மூணு ரூபாய்க்குக் குடுத்தா மதினி பீடித் தட்டைக் கீழ வைக்க மாட்டாங்க.

லிஜ்ஜத் அப்பளத்தை எடுத்துக்குங்க. 1959 மார்ச் 15, மும்பை கிர்காவ்ம்ல ஒரு மொட்டை மாடி, 7 பெண்கள், 80 ரூபாய் கடன். இன்னிக்கு 40,000 பேருக்கு மேல. அவங்க வேலை முறைதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. காலையில கிளைக்குப் போய்ப் பிசைஞ்ச மாவை வாங்கிட்டு வர்றாங்க, வீட்லயே தேய்ச்சுக் காய வைக்கிறாங்க, மறுநாள் அப்பளத்தைக் குடுத்ததும் கூலி கையில. கடைக்காரர் எப்பக் காசு தருவார்ங்கிறது தேய்க்கிறவங்க தலைவலியே இல்லை. விநியோகஸ்தர்களுக்குக் கடனுக்குக் குடுக்கிறதில்லைன்னு சங்கம் கறாரா இருக்கு. அவ்வளவு கறாரா இருக்கிறதாலதான் இவங்களுக்கு மறுநாளே கூலி குடுக்க முடியுது.

நம்ம அருணாசலம் முருகானந்தம் (2016ல பத்மஸ்ரீ வாங்கின கோயமுத்தூர்க்காரர்) நாப்கினை வித்துப் பெரிய கம்பெனி ஆகல. மெஷினைப் பெண்கள் குழுக்களுக்கு வித்தார். அவங்க ஊர்லயே செஞ்சு, அக்கம்பக்கத்துலயே வித்துக்கிட்டாங்க. டவுன் கடையோட தவணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்ப நல்ல மனசு மட்டும் இருந்தாப் போதுமா? வங்கதேசத்துல யூனுஸோட கிராமீனும் பிரான்சோட டானோனும் சேர்ந்து 2007ல போக்ராவுல தயிர்த் தொழிற்சாலை திறந்தாங்க. லாபப் பங்கு எடுக்கக் கூடாதுன்னே விதி. சத்து சேர்த்த தயிர், 80 கிராம் கப் 5 டாக்கா, கிராமத்துப் பெண்களே வீடு வீடா விப்பாங்க. 2008ல பால் விலை எகிறுச்சு, கப் 8 டாக்கா ஆச்சு. கிராமத்துல வாங்க ஆளில்லை, வித்துட்டிருந்த பெண்கள் பலர் விட்டுட்டாங்க. அப்புறம் கப்பைச் சின்னதாக்கி விலையைக் குறைச்சு, தலைநகரத்துல கூடுதல் விலைக்கு வித்துத்தான் நிமிர்ந்தாங்க. அத்தனை பெரிய கைகளுக்கே இந்தப் பாடு. விலையேத்தத்தையோ தவணையையோ யாராவது ஒருத்தர் தாங்கித்தான் ஆகணும். வழக்கமா அது கடைசியில இருக்கிறவங்க தலையிலதான் விழும்.

அதனால எங்க எக்ஸெல் ஷீட்ல முதல் வரியே இதுதான். பெரிய கடைங்க 45 நாள் கழிச்சுத்தான் காசு தருவாங்கன்னு வச்சுக்குவோம். ஞாயிறு போக 39 வேலை நாள். 12 பேர், ஆளுக்கு நாளைக்கு 300 ரூபாய். மொத்தம் 1,40,400. மூலப்பொருள் சேர்த்தா ரெண்டரை லட்சத்தைத் தாண்டுது. ஒரு பாக்கெட் காசு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இது வேணும். மெஷின் ஏற்கனவே கட்டிலுக்கு அடியில இருக்கு. எங்க முதலீடே இந்த 45 நாளை வாங்குறதுதான்.

நண்பன் அடுத்த மாசம் பேப்பர் போடுறான். நான் போடலை. நான் வாங்குற சம்பளத்துலதான் சனிக்கிழமைக் கூலி போகணும், அதனால ரெண்டு பேரும் வேலையை விட முடியாது. வீட்டு அட்வான்ஸுக்குன்னு சேர்த்து வச்சிருந்த மூணு லட்சம் இதுக்குப் போகுது. அம்மாகிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "போச்சுன்னா உன் துட்டோட போகட்டும்யா. அவளுகளை இன்னொரு தடவ தெருவுல நிறுத்திராத"ன்னாங்க.

ஒரு வருஷம் பார்க்கிறதா முடிவு. 52 சனிக்கிழமை, ஒண்ணு கூடத் தவறாமக் கூலி குடுத்துட்டோம்னா இது கம்பெனி. தவறுச்சுன்னா, லாபமே வந்தாலும், நாங்களும் அந்த டவுன் கடை மாதிரிதான்.

சென்னை, பெங்களூர்ல அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல இருக்கிற பதிவர்கள் கொஞ்சம் கை தூக்குங்க. பினாயில், சலவைத்தூள் எல்லாம் மாசாமாசம் வாங்கத்தான் போறீங்க. தள்ளுபடி கேக்காம, காசை முன்னாடியே தர்ற பத்து அபார்ட்மெண்ட் கிடைச்சாப் போதும், அந்த 45 நாள்ல பாதி குறைஞ்சிரும். தூள் சரியில்லைன்னா தாராளமாத் திட்டிப் பின்னூட்டம் போடுங்க, அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டிடுறேன். :-)